அம்மாவின் அம்மியும் ரொட்டிக்கல்லும்

நுகேகொடை வீட்டில், இறந்துபோன எஜமானி லொக்கு நோனாவுக்காகப் பிக்குகளுக்கு மூன்று மாதத் தானம் கொடுத்து முடிந்த மறுநாள் காலை, அவருடைய மகள்மார் இருவரும் குசினிக்குள் வந்தார்கள். மூத்தவள் மெல்பனிலிருந்து வந்திருந்தாள். இளையவள் கண்டியில் இருப்பவள். அந்த வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாகச் சமைத்து வந்த பிரியந்தி அப்போதுதான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். அவர்களைக் கண்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

வீடு விலை போய்விட்டது. கட்டில், மேசை, அலுமாரியெல்லாம் யாருக்கு என்று முதல் நாளே பேசி முடித்துவிட்டார்கள். அதிலெல்லாம் ஒரு சண்டையும் வரவில்லை. குசினிக்குள் வந்த பிறகுதான் இருவரும் கலங்கினார்கள். தேங்காய் துருவுகிற மணையை மூத்தவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாற்சோறு வெட்டுகிற பழைய மரக்கரண்டியை இளையவள் எடுத்து மோந்து பார்த்தாள். "அம்மாவுடைய வாசனை" என்று சிங்களத்தில் அக்காவிடம் சொன்னாள். இருவரும் அழுதார்கள்.

பிரியந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். லொக்கு நோனாவுக்குக் கை நடுக்கம் வந்து வெகுகாலம். அந்த மணையில் தினமும் உட்கார்ந்து எழுந்தவள் பிரியந்திதான். பல்லு மழுங்கிப் போனபோது பட்டறைக்குக் கொண்டுபோய்த் தீட்டிக்கொண்டு வந்ததும் அவள்தான். கரண்டியில் வருவது பிரியந்தி போட்ட தேங்காய்ப் பாலின் வாசனை. ஆனால் அதையெல்லாம் அவள் சொல்லவில்லை; சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. தாயை இழந்த பிள்ளைகள் அழுகிறார்கள், அழட்டும் என்றுதான் இருந்தது. மனதில் எங்கோ ஒரு ஓரத்தில் மட்டும், யாராவது திரும்பி 'உனக்கு இதில் எது வேண்டும்' என்று ஒரு வார்த்தை கேட்டால் நன்றாயிருக்கும் என்ற நினைப்பு வந்து போனது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. போகும்போது கட்டிப்பிடித்தார்கள். பெட்டி பிரிக்காத ஒரு ரைஸ் குக்கரையும் கொஞ்சம் பணத்தையும் கையில் வைத்தார்கள். துருவுமணை மட்டும் ஒரு பெரிய துவாயில் சுற்றப்பட்டு, மெல்பன் போகிற பெட்டிக்குள் போனது.

அன்று மாலை தன்னுடைய துணிமணிகளை அடுக்கும்போதுதான் பிரியந்திக்கு அந்த எண்ணம் வந்தது. எனக்கும் ஒரு அம்மா இருந்தாள். அவளுக்கும் ஒரு குசினி இருந்தது. அந்தச் சாமானெல்லாம் இப்போது எங்கே?

*

ஹட்டனிலிருந்து மேலே ஏறி, பஸ் போய் நிற்கிற இடத்திலிருந்தும் இன்னும் நடக்க வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் பிரியந்தி. அப்பா மாயாண்டிக்கு ஃபெக்டரியில் வேலை. அம்மா நாகலெட்சுமி கொழுந்து பறித்தாள். விடியும் முன்னே எழுந்து, ரொட்டி தட்டி, தேத்தண்ணி ஊற்றி, பெரட்டுக்கு ஓட வேண்டும். வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்த இடத்துக்குப் பிந்திப் போனால் அன்றைய பேர் விழாது. அதனால் தாயும் மகளும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ரொட்டி அம்மாவுக்கு, சம்பல் மகளுக்கு.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், அவர்களுடைய காம்பராவின் மூலையில் அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் அம்மி. பிரியந்திக்குக் கை எட்டாத வயசு. முட்டி போட்டு எழும்பி, உடம்பு முழுவதையும் குழவிமேல் சாய்த்துத் தள்ளினால்தான் மிளகாய் மசியும். மார்கழிக் குளிரில் கல் விறைத்துக் கிடக்கும். விரலிடுக்கில் மிளகாய் காந்தும். அம்மா முதுகு காட்டி ரொட்டி தட்டிக்கொண்டே, திரும்பாமலே கேட்பாள்: "கை வலிக்குதாடி? போதும், எந்திரி." வலித்தாலும் பிரியந்தி "வலிக்கலம்மா" என்பாள். ரொட்டிக்கல்லிலிருந்து எடுத்த முதல் ரொட்டியைப் பிய்த்து, அந்தச் சம்பலில் தொட்டு, அம்மா அவள் வாயில் வைப்பாள்.

மாயாண்டி ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. தம்பி சுமன் அப்போது மடிப்பிள்ளை. தூரத்து உறவில் மாமா முறையான சின்னராசா கொழும்பிலிருந்து வந்து, நல்ல வீடு ஒன்றில் பிள்ளை கேட்கிறார்கள், சின்னச் சின்ன வேலைதான், ரெண்டு வருஷம் இருந்துவிட்டு வரட்டும் என்றார். அம்மா ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் அவளே முந்தி எழுந்து அவளே சம்பல் அரைத்தாள். பிறகு சரி என்றாள். பிரியந்திக்கு அப்போது பதினொரு வயசு.

ரெண்டு வருஷம் என்றது அப்படியே நீண்டது. ஒரு வீடு மாறி இன்னொரு வீடு, கடைசியில் லொக்கு நோனாவின் வீடு. கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு வந்து கைகூடாமல் போயின. தீபாவளிக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் ஊருக்கு வருவாள். வந்தால் அம்மா அவளை அடுப்படிக்கே விடமாட்டாள்.

"நீ ஒக்காரு. அங்கயும் இதானே செய்யிற. இங்கயாச்சும் ஒக்காந்து தின்னு."

அம்மா அன்பாகத்தான் சொன்னாள். ஆனாலும், கொழும்பில் எத்தனையோ பேருடைய சட்டிபானையில் சமைத்தவள், பிறந்த வீட்டில் பாயில் உட்கார்த்தப்பட்டு விருந்தாளியாகச் சாப்பிட்டாள். அது அவளுக்கு ஒரு மாதிரி இருக்கும். சொல்லத் தெரியாது.

கொரோனாக் காலத்தில் அம்மா போய்விட்டாள். ஊரடங்கு. ரயில் இல்லை, பஸ் இல்லை. சுமன் போனில் வீடியோ போட்டுக் காட்டினான். திரை ஆடிக்கொண்டே இருந்தது. அம்மாவின் முகம் தெரிந்த நேரத்தைவிடத் தகரக்கூரை தெரிந்த நேரம்தான் அதிகம்.

*

நுகேகொடை வீட்டை விட்டுப் பிரியந்தி ஹட்டனுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை கிடைத்தது. துணிக்கடை நஜீமின் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையும் சின்னச் சமையலிடமும் வாடகைக்குக் கிடைத்தன. நஜீமின் மனைவி றுக்கையாவைப் பிரியந்தி முதல் நாளிலிருந்தே "ராத்தா" என்று கூப்பிட்டாள். அந்த வீட்டு ஆட்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பிறந்ததிலிருந்து முதல் முறையாக, கதவைச் சாத்தினால் தனக்கே தனக்கென்று ஒரு குசினி. அதில் ஒரு கேஸ் அடுப்பும் அந்த ரைஸ் குக்கரும் மட்டும் இருந்தன. பார்க்கப் பார்க்க அது யாருடைய குசினி மாதிரியும் இல்லை.

சுமனுக்குப் போன் போட்டாள். அவன் நுவரெலியா மரக்கறிச் சந்தையில் லொறிக்குச் சாமான் ஏற்றுகிற வேலையில் இருந்தான். வாரக்கடைசியில்தான் வீட்டுக்கு வருவான்.

"தம்பி, அம்மாவோட அம்மி, ரொட்டிக்கல்லு, அதெல்லாம் இருக்கா?"

"இருக்கேக்கா. ஏன்?"

"நான் எடுத்துக்கவா? இங்க ஒண்ணுமே இல்ல."

"ஒன் அம்மா சாமானத்துக்கு என்ட்ட என்ன கேட்டுக்கிட்டு. ஞாயித்துக்கெழம போ. பிரேமினிக்கிட்ட சொல்லி வக்கிறேன்."

அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. பிரேமினி சுமனின் மனைவி. இறம்பொடைப் பக்கத்துப் பெண். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்துச் சிரித்ததைத் தவிர இருவருக்கும் பெரிய பேச்சுப் பழக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துக்கொண்டு போனாள். சுமன் குடும்பம் லயத்தை விட்டு, மேட்டில் கட்டிக் கொடுக்கப்பட்ட தனி வீட்டுக்கு மாறிக் கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. ஆட்டோ ரோட்டிலேயே நின்றது. படிக்கட்டில் ஏறி மேலே வந்தபோது, வாசலில் விரித்த சாக்கின்மேல் எல்லாம் தயாராக இருந்தன.

அம்மி. குழவி. ரொட்டிக்கல். அப்பா ஃபெக்டரியில் பழைய குழாயை அறுத்து அம்மாவுக்குச் செய்து கொடுத்த ஊதாங்குழல். எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள் பிரேமினி. அம்மியின் மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"வாங்க அண்ணி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள். சிரித்தாள். ஆனால் சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை.

பிரியந்தி உள்ளே போய் உட்கார்ந்தாள். அடுப்பு மேடையில் ரொட்டி சுட ஒரு புதுத் தாச்சி இருந்தது, கடையில் ஒட்டிய தாள் இன்னும் உரிக்காமல். அடுப்புக்குப் பக்கத்தில் அம்மி இருந்த இடம் சிமெந்தில் வேறு நிறமாக, சதுரமாகத் தெரிந்தது. நிலக்ஷி, சுமனின் மகள், நாலாம் வகுப்புப் படிக்கிறவள், அந்தச் சதுரத்துக்குள் கால் வைத்து நின்று அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுப் பிரேமினி சுவரோரமாக நின்றாள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

பிரியந்தி கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். அந்த நிற்கிற விதம் அவளுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் நுகேகொடைக் குசினியில் அவளே அப்படித்தான் நின்றாள். அன்றைக்கு அவள் மனதில் இருந்தது, இன்றைக்கு இந்தப் பெண்ணின் மனதிலும் இருக்கிறது. அன்று சாமானைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் இடத்தில் இன்று தான் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புரிந்தது.

கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பிரேமினி, ஒன்ன ஒண்ணு கேக்குறேன். ஒளிக்காம சொல்லு. இதுல எது ஒனக்கு வேணும்?"

பிரேமினி மகளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அது ஒங்க அம்மா சாமான் அண்ணி. நான் கேக்க ஏலாது."

"ஏலுமா ஏலாதான்னு நான் கேக்கல. வேணுமா வேணாமான்னு கேட்டேன்."

"வேணும்" என்றாள் பிரேமினி. "அந்த அம்மி மட்டும் வேணும். மத்தத எடுத்துக்கங்க. அவரு போன்ல சொன்னதிலேருந்து எனக்கு ராவெல்லாம் தூக்கமில்ல. ஆனா கேட்டா, வந்தவ ஒரு கல்லுக்குக் கூட சண்ட போடுறான்னு நெனப்பீங்களேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கீழே ரோட்டில் நின்ற ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்துப் பார்த்தார். நிலக்ஷியை அனுப்பி, கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள் பிரியந்தி.

பிறகு பிரேமினி நின்றபடியே பேசத் தொடங்கினாள். அவளுக்கு விவரம் தெரியும் முன்னே தாய் போய்விட்டாள். சித்தி வீட்டில் வளர்ந்தாள். அடி உதை ஒன்றும் இல்லை, சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள். ஆனால் அந்த வீட்டில் யாரும் அவளை மகளே என்று கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், இந்த மாமியாரும் எப்படியோ என்று பயந்துகொண்டுதான் வந்தாள்.

"மாமி ரொம்பப் பேச மாட்டாங்க. ஆனா நான் அம்மியில ஒக்காந்தா, வந்து பக்கத்துல ஒக்காந்துக்குவாங்க. லயத்துலேருந்து இங்க வரும்போது அவரு சொன்னாரு, அம்மி வேணாம், மிக்ஸி வாங்கித் தாரேன்னு. இந்த மேட்டுல அதத் தூக்கிக்கிட்டு எவன் ஏறுவான்னாரு. மாமி படியில ஒக்காந்துட்டாங்க. அம்மி வந்தாத்தான் நானும் வருவேன்னுட்டாங்க. ரெண்டு பேரக் கூட்டியாந்து கம்புல கட்டித் தூக்கிட்டு வந்தாரு."

"எதுக்கு அப்பிடிப் பிடிவாதம் பிடிச்சிச்சு?" என்று கேட்டாள் பிரியந்தி.

"ஒங்களுக்குத் தெரியாதா? பெரியவ கை பட்ட கல்லுன்னாங்க. அவ அரச்சு அரச்சுத்தான் அந்தக் குழி விழுந்துச்சுன்னாங்க."

பிரியந்தி வாசல் பக்கம் திரும்பினாள். சாக்கின்மேல் அம்மி கிடந்தது. நடுவில் அந்த லேசான குழி. அம்மாவின் கை தேய்த்த குழி என்றுதான் இத்தனை வருஷமும் அவள் மனதில் இருந்தது. அம்மாவைத் தொட முடியாமல் போனதற்கு அந்தக் குழியையாவது தொடலாம் என்றுதான் ஆட்டோ பிடித்து வந்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் பிரேமினி. "ஒங்ககிட்ட இத எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு."

"கடைசியில மாமிக்கு ஞாபகம் தடுமாறிப்போச்சு. படுத்த படுக்கதான். காலையில நான் அம்மியில அரைக்கிற சத்தம் கேட்டா மட்டும் கண்ணத் தொறப்பாங்க. தொறந்து, 'பிரியந்தி, கை வலிக்குதாடி? போதும், எந்திரி'ம்பாங்க. மொத நாளு நான், மாமி நான் பிரேமினின்னு சொன்னேன். அவங்களுக்குப் புரியல. மொகம் வாடிப்போச்சு. அடுத்த நாளும் அதையே கேட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. 'வலிக்கலம்மா'ன்னேன். ஒடனே சிரிச்சிட்டுக் கண்ண மூடிக்கிட்டாங்க. அப்பறம் தினமும் அப்பிடித்தான். அரைக்க ஒண்ணும் இல்லாத நாள்லயும் வெறுங்கல்ல கொஞ்ச நேரம் தேச்சிருக்கேன். நீங்க இருக்க வேண்டிய எடத்துல நான் ஒங்க பேருல பதில் சொல்லிட்டேன் அண்ணி. எங்கம்மாவ நான் அம்மான்னு கூப்பிட்டதே இல்ல. அந்த ஆசையும் எனக்குள்ள இருந்துச்சு, பொய் சொல்லல."

பிரியந்தி எழுந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஊரடங்கு நாட்களில் நுகேகொடைக் குசினியில் நின்றுகொண்டு, அம்மா யாருமில்லாமல் தன்னைத் தேடிக்கொண்டே போயிருப்பாள் என்று நினைத்து நினைத்து அவள் உருகிப்போனது பிரேமினிக்குத் தெரியாது. அம்மா தேடவில்லை. தினமும் காலையில் அவளுக்கு மகள் கிடைத்திருக்கிறாள். கை வலிக்கவில்லை என்று கேட்டுவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கிறாள்.

பிரேமினியின் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். உள்ளங்கைகளில் காய்ப்பு இருந்தது. அவற்றைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அம்மியப் பிடி. உள்ள தூக்கி வச்சிருவோம்" என்றாள்.

இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி, அந்தச் சதுரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. ஆட்டோக்காரரை மேலே கூப்பிட்டு, அவருக்கும் சேர்த்துப் பிரேமினி மா பிசைந்தாள். பிரியந்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்க மறுத்தது. குழவி கைக்குப் பிடிபடாமல் ஒரு பக்கமாக ஓடியது. மிளகாய் சிதறித் தெறித்து நிலக்ஷியின் பாவாடையில் விழுந்தது. நிலக்ஷி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சம்பல் அரைகுறையாகத்தான் மசிந்தது. ஆட்டோக்காரர் நல்லாயிருக்குதுங்க என்று சொல்லி இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டார்.

புறப்படும்போது பிரியந்தி வெறுங்கையோடு செருப்பை மாட்டினாள். பிரேமினிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது என்ன அண்ணி. அம்மா வீட்டுக்கு வந்திட்டு ஒண்ணும் இல்லாம போவாங்களா? அந்த ரொட்டிக்கல்ல எடுங்க. எனக்குத்தான் புதுசு வந்திருச்சே."

பிரியந்தி மறுத்துப் பார்த்தாள். பிரேமினி கேட்கவில்லை. ரொட்டிக்கல்லைப் பழைய சேலைத் துண்டில் சுற்றி அவள் கையில் திணித்தாள். ஊதாங்குழலை நிலக்ஷி தரமாட்டேன் என்றாள். அது அவளுக்கு வாய்வைத்துக் கூப்பிட்டு விளையாடுகிற சாமானாகி இருந்தது.

*

ஹட்டனுக்கு வந்து மறுநாளே அதில் ரொட்டி தட்டினாள். கேஸ் நெருப்பு நடுவில் மட்டும் சுட்டது. ரொட்டி நடுவில் கருகி, ஓரத்தில் மாவாக இருந்தது. றுக்கையா எட்டிப் பார்த்து, "இது வெறகடுப்புக் கல்லு புள்ள. கேஸுக்கு இது சரிவராது. பின்னுக்கு எங்கட பழைய அடுப்பு சும்மா கெடக்கு, அதுல வச்சுப் பாருங்க" என்றாள். பிரியந்தி பின்புறத்தில் அடுப்பைத் துப்புரவாக்கி, பலகைத் துண்டுகளைப் பொறுக்கி மூட்டினாள். அன்றைக்கு ரொட்டி சரியாக வந்தது. முதல் ரொட்டியை றுக்கையாவுக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து கடை விடுமுறை நாட்களில் பின்புறம் புகையும், நஜீம் உள்ளேயிருந்து, "ரொட்டி ஆகுதா?" என்று கேட்பார்.

பிரியந்தியும் பிரேமினியும் வாரத்துக்கொரு தடவை போனில் பேசிக்கொண்டார்கள். பேச்செல்லாம் சாமான் விலை, பிள்ளையின் படிப்பு, மழை. அம்மாவைப் பற்றி இருவரும் அதிகம் பேசவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் நிலக்ஷி போன் போட்டாள். "அத்த, அம்மா படியில வழுக்கி விழுந்துட்டாங்க. கையில கட்டுப் போட்டிருக்கு. அப்பா வேலைக்குப் போயிட்டாரு. அம்மா ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

பிரியந்தி சாப்பாட்டுக் கடை முதலாளியிடம் லீவு கேட்டாள். அவர் முகத்தைச் சுளித்தாலும் கொடுத்தார். இரண்டு சேலையையும் ரொட்டிக்கல்லையும் பையில் போட்டுக்கொண்டு கடைசி பஸ் பிடித்தாள்.

பிரேமினி வலது கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் சோறு வடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியந்தி பானையைப் பிடுங்கி வைத்தாள்.

"நீ போய் ஒக்காரு" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அம்மா தன்னிடம் சொல்கிற வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது. அம்மாவுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்பதும் இப்போதுதான் புரிந்தது. ஓடி ஓடி உழைத்துவிட்டு வந்து நிற்கிற ஒருத்தியை ஒரு வேளையாவது உட்கார வைத்துப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அம்மாவுக்குப் பிரியந்தி ஒருநாளும் விருந்தாளியாக இருந்ததில்லை.

பிரேமினியின் கை எலும்பு கூடும் வரை பிரியந்தி அங்கேயே இருந்தாள். காலையில் அவள்தான் அடுப்பு மூட்டினாள், அவள்தான் அரைத்தாள். முழங்காலுக்குத் தோதாக ஒரு பலகையைப் போட்டுக்கொண்ட பிறகு குழவி மெல்ல மெல்லச் சொன்னபடி கேட்டது. பிரேமினி பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க மாட்டாள். "அண்ணி, உப்பு இன்னும் கொஞ்சம்", "அண்ணி, வெங்காயத்தக் கடைசியில வைங்க, கசந்திரும்" என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"நான் கொழும்புல எத்தன பேருக்கு ஆக்கிப் போட்டவ தெரியுமா?" என்பாள் பிரியந்தி.

"அது கொழும்புச் சம்பல். மாமி வைக்கிறது வேற" என்பாள் பிரேமினி.

உப்பு விஷயத்தில் இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் உண்டு. மூன்றாம் நாள் பிரேமினிக்குத் தலை பின்னிவிட ஆள் வேண்டியிருந்தது. பிரியந்தி சீப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கோபம் அதோடு போனது.

சனிக்கிழமை இரவு வந்த சுமன் ரொட்டியைச் சம்பலில் தொட்டு வாயில் போட்டுவிட்டு, "அம்மா வச்ச மாதிரி இருக்கு. யாரு அரச்சது?" என்றான். அக்கா அரைத்தது, மனைவி சொன்ன அளவில் உப்புப் போட்டது. அதை அவனுக்கு விளக்கிச் சொல்ல இருவருக்குமே பொறுமை இல்லை. "தின்னு" என்றாள் பிரியந்தி.

கட்டுப் பிரித்த பிறகு அவள் ஹட்டனுக்குத் திரும்பினாள். ரொட்டிக்கல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தாள். அந்த வீட்டில் சாப்பிடுகிற வாய் அதிகம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டிதான். போனில் பிரேமினி கேட்டபோது, மறந்துவிட்டேன் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், றுக்கையா முன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். பிரேமினியும் நிலக்ஷியும் நின்றார்கள். பிரேமினியின் தோள்பை கனத்தில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"மறந்துட்டீங்கன்னு சொன்னீங்களே, கொண்டாந்திட்டேன்" என்றாள்.

"இந்தக் கையோட இதத் தூக்கிட்டு பஸ்ஸுல வந்தியா? ஒனக்கு என்ன வந்திச்சு?"

"மத்தக் கையாலதான் தூக்கினேன்."

றுக்கையா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த இரும்பு மேல போகுது, கீழ வருகுது. சந்தையில புதுசா ஒண்ணு வாங்கினா முடிஞ்சிச்சே."

"புதுசு ஒண்ணு வீட்டுல இருக்குங்க" என்றாள் பிரேமினி. "அதுல ரொட்டி வேகுது. ஆனா அத யாருக்கும் கொண்டுபோய்க் குடுக்கணும்னு தோணல."

பிரியந்தி பையை வாங்கிக்கொண்டு பின்புறம் போனாள். நிலக்ஷி விறகு பொறுக்க ஓடினாள். றுக்கையா தன் வீட்டுத் தேங்காய் ஒன்றை உடைத்து எடுத்துக்கொண்டு வந்து, அவர்களோடு அடுப்படியில் உட்கார்ந்தாள்.